கடல், வெப்பம், மழை: வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். பாதிப் பேர் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்க் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். கடல் பாடம் வந்தால் கேள்விகள் பிள்ளைகளோடு நிற்பதில்லை. அவர்களைக் கூட்டிப்போக வரும் அப்பா, மாமா, ஆயா எல்லோரும் வாசலில் நின்று ஆளுக்கொன்று கேட்கிறார்கள். அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே விட்டிருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகக் கொஞ்சம் சிக்கலானவை.

கடல் சூடாவுதுன்னு நியூஸ்ல சொல்றாங்க. நான் தினமும் இறங்குறேன், ஒண்ணும் தெரியலையே?

காலை வைத்துப் பார்த்தால் தெரியாது. 1850–1900 காலத்துச் சராசரியோடு ஒப்பிட்டால், 2011–2020இல் உலகக் கடல்களின் மேற்பரப்பு ஏறக்குறைய 0.9 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. நம் கரையில் ஜனவரித் தண்ணீருக்கும் மே மாதத் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசமே அதைவிட அதிகம். அதனால் ஒருவர் தன் வாழ்நாளில் இதை உடம்பால் உணர வாய்ப்பில்லை.

ஆனால் சிறிய எண் என்று நினைத்துவிடக் கூடாது. பூமியின் பரப்பில் 71 சதவீதம் கடல், சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். இவ்வளவு தண்ணீரின் மேற்பகுதியைக் கொஞ்சம் சூடேற்றுவதற்கே எவ்வளவு வெப்பம் உள்ளே போயிருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

காத்துதானே சூடாவுது? அதுல கடல் எங்க வந்துச்சு?

நாம் எரிக்கும் நிலக்கரி, டீசல், எரிவாயுவிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தடுக்கிறது. அப்படித் தங்கிவிட்ட கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது. காற்றுக்குப் போனது ஒன்றிரண்டு சதவீதம். மிச்சம் நிலத்துக்கும், பனி உருகுவதற்கும்.

காரணம் எளிது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற, ஒரு கிலோ காற்றுக்கு ஆவதைப் போல நான்கு மடங்கு வெப்பம் வேண்டும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு கனமும்கூட. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், கடலின் மேல் மூன்று மீட்டர் தண்ணீர், தலைக்கு மேல் இருக்கும் மொத்த வளிமண்டலத்துக்குச் சமமான வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். மூன்று மீட்டர் என்பது ஒரு வீட்டுத் தளத்தின் உயரம். அதற்குக் கீழே இன்னும் ஆயிரக்கணக்கான மீட்டர் இருக்கிறது. காலநிலை என்றதும் வானத்தை மட்டும் படம் போட்டுக் காட்டும் பாடப்புத்தகங்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

வானிலை, காலநிலை, ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. நாளைக்கு மழை வருமா என்பது வானிலை. ஒரு இடத்தில் முப்பது வருடத்துக்கு நவம்பர் மழை எப்படிப் பெய்கிறது என்பது காலநிலை. காற்று சில நாட்களில் மாறிவிடும். கடல் மாற மாதங்கள், வருடங்கள், ஆழத்தில் நூற்றாண்டுகள்கூட ஆகும். காலநிலையைக் கணிப்பவர்கள் முதலில் கடலைப் பார்ப்பது அதனால்தான்.

மே மாசம் ஒரு நாள் மத்தியானம் ஜம்முனு கடல் காத்து வருது, இன்னொரு நாள் வரவே மாட்டேங்குது. ஏன்?

வெயிலில் தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும். தரைமேல் இருக்கும் சூடான காற்று மேலே எழும்ப, கடல் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. ராயபுரம், தண்டையார்பேட்டைக்கு முதலில் வந்து, பிறகு அம்பத்தூர், ஆவடி என்று உள்ளே நகரும். அதனால்தான் கடலோரத்தில் அதிகபட்ச வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரி குறைவாக இருக்கும்.

மேற்கிலிருந்து வரும் கச்சான் பலமாக வீசும் நாளில் அது கடல் காற்றை உள்ளே விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். கடல் காற்று பகல் பன்னிரண்டுக்கு வரவேண்டியது மூன்று மணிக்கு வரும், சில நாள் வரவே வராது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. இந்த மாதிரி நாட்களில்தான் பாதரசம் அப்படி ஏறும்.

கத்திரி வெயில்ல கடல்ல இறங்குனா சில நாள் தண்ணி ஜில்லுனு இருக்கு. வெயில் அடிக்கிறப்ப சூடாத்தானே இருக்கணும்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. தென்மேற்குக் காற்று நம் கரையை ஒட்டி, தெற்கிலிருந்து வடக்காக வீசும்போது, மேல் தண்ணீர் காற்று போகும் திசையில் நேராகப் போவதில்லை. பூமி சுழல்வதால் வடக்கு அரைக்கோளத்தில் நகரும் எதுவும் வலப்பக்கம் விலகும். வடக்கே பார்த்து நின்றால் நமக்கு வலப்பக்கம் கிழக்கு, அதாவது ஆழ்கடல். ஆக, கரையோரத்து மேல் தண்ணீர் கடல் பக்கமாக விலகிப் போகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வருகிறது. சத்துகளும் அதோடு மேலே வரும், அதைத் தின்னும் நுண்ணுயிரிகள் பெருகும், அவற்றைத் தேடி மீன் வரும்.

இந்த வலப்பக்க விலகலை முதலில் கவனித்துச் சொன்னவர் நார்வேக்காரர் நான்சன். 1893 முதல் 1896 வரை ஆர்க்டிக் பனியில் சிக்கிய கப்பலில் மிதந்தபோது, பனிப்பாளங்கள் காற்றின் திசைக்கு வலப்பக்கமாக நகர்வதைப் பார்த்தார். அதற்குக் கணக்கு எழுதியவர் ஸ்வீடனின் எக்மன், 1905இல். இந்த வலப்பக்க விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இன்னும் ஒரு முறை தேவைப்படும்.

அப்போ வாஷ்பேசின்ல தண்ணி சுத்திக்கிட்டு இறங்குறதும் பூமி சுத்துறதாலதானா?

இல்லை. அது தொட்டியின் வடிவமும் நீங்கள் தண்ணீரைக் கலக்கிய விதமும். பூமியின் சுழற்சி தெரியவேண்டுமானால் நகரும் தண்ணீர் பல கிலோமீட்டர் அகலமாகவும், நகர்வு பல மணி நேரம் நீடிப்பதாகவும் இருக்க வேண்டும். நில நடுக்கோட்டில் இந்த விலகல் இல்லவே இல்லை. நாம் இருக்கும் 13 டிகிரி வடக்கில் பலவீனமாக இருக்கிறது, துருவத்தில் முழு வேகம்.

அலை வேற, நீரோட்டம் வேறயா? ரெண்டுமே தண்ணி ஓடுறதுதானே?

அலையில் தண்ணீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே வட்டமடிக்கிறது. முன்னால் போவது ஆற்றல்தான். வலையின் மிதவை அலையில் ஏறி இறங்கி அங்கேயே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நீரோட்டத்தில் தண்ணீரே போகிறது, மிதவையையும் இழுத்துக்கொண்டு.

அலை எவ்வளவு தூரம் வரும் என்பதுதான் பலருக்கு ஆச்சரியம். காற்றே இல்லாத நாளில் பெரிய அலை அடித்தால், அது பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் வாரத்துக்கு முன் வீசிய புயல் அனுப்பியதாக இருக்கலாம். கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இப்போது இதற்கு முன்னெச்சரிக்கை விடுகிறது.

நம்ம பக்கம் வெள்ளம் கொஞ்ச மாசம் வடக்க இழுக்குது, கொஞ்ச மாசம் தெக்க இழுக்குது. எல்லாக் கடல்லயும் இப்படித்தானா?

கிடையாது. குப்பத்தில் வெள்ளம் என்று சொல்வது நீரோட்டத்தைத்தான். பசிபிக்கிலும் அட்லாண்டிக்கிலும் கரையோரப் பெரிய நீரோட்டங்கள் வருடம் முழுக்க ஒரே திசையில்தான் ஓடும். வடக்கே ஆசியக் கண்டம் மூடியிருப்பதால் இந்தியப் பெருங்கடலில் பருவக்காற்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை திசை மாறுகிறது. காற்று திரும்பினால் நீரோட்டமும் திரும்பும்.

நம் கிழக்குக் கரை நீரோட்டம் பிப்ரவரி முதல் மே வரை வடக்கே ஓடும், மார்ச், ஏப்ரலில் பலமாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே. நடுவில் வரும் மாதங்களில் ஓட்டம் பலவீனம், இடத்துக்கு இடம் மாறும். இதையெல்லாம் விசைப்படகு ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் கேட்பது காரணத்தை மட்டும்தான்.

வெள்ளம் ரெண்டு பக்கமும் மாறி மாறி ஓடுதுன்னா, மண்ணு மட்டும் ஏன் வடக்கயே போவுது? மெரினா வளருது, நம்ம கரை மட்டும் கரையுது. கடல் மட்டம் ஏறுறதாலயா?

மணலை நகர்த்துவது அந்தப் பெரிய நீரோட்டம் அல்ல. கரைக்குச் சாய்வாக வந்து உடையும் அலைகள்தான் மணலைத் தூக்கி, கரையை ஒட்டி நகர்த்துகின்றன. வருடத்தில் அதிக மாதங்கள் அலை தென்கிழக்கிலிருந்து வருவதால் மணல் வடக்கே போகிறது. வாடைக் காற்றுக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பி வரும், ஆனால் வருடக் கணக்கை முடித்தால் வடக்கேதான் மிச்சம்.

1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கற்சுவர் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அங்கே நின்றுவிட்டது. தெற்கே குவிந்த மணல்தான் இன்றைக்கு நாம் சுண்டல் தின்னும் மெரினாவின் அகலம். வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை அலை வந்து மணலை எடுத்துக்கொண்டு போனது. ஈடுகட்டத் தெற்கிலிருந்து எதுவும் வரவில்லை. வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. பிறகு கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல்வரிசையான தூண்டில் வளைவு போட்டார்கள். திருவொற்றியூரில் ஒரு தூண்டில் வளைவின் மேல் ஏறி நின்று இரண்டு பக்கமும் பாருங்கள்: தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து படகு ஏற்றி வைக்கும் அளவுக்கு இடம் இருக்கும், வடக்குப் பக்கம் அலை நேராகக் கல்லில் அடிக்கும். நூற்றைம்பது வருடக் கதை அந்த ஒரு கல்வரிசையில் தெரியும்.

ஆகவே வட சென்னைக் கடலரிப்புக்கு முதல் காரணம் கட்டுமானம். கடல் மட்ட உயர்வு அதைப் பின்னால் இன்னும் மோசமாக்கும். எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிட்டால், கட்டியவர்கள் சௌகரியமாகத் தப்பித்துவிடுவார்கள்.

மழைக்காலத்துல கால்வாய்த் தண்ணி கடலுக்கு இறங்க மாட்டேங்குது. கடலே தண்ணிய வாங்கலன்னு ஆயா சொல்றாங்க. அது நிஜமா?

ஆயா சொல்வது சரி. நம் கரையில் கடல் மட்டம் வருடம் முழுக்க ஒரே உயரத்தில் இருப்பதில்லை. தினசரி ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டு மாதச் சராசரி எடுத்தால், மார்ச் வாக்கில் மிகத் தாழ்வாகவும், நவம்பர் வாக்கில் மிக உயரமாகவும் இருக்கும். வித்தியாசம் ஏறக்குறைய ஒரு அடி. சரியாக நமக்கு மழை கொட்டும் மாதத்தில் கடல் மேலே நிற்கிறது.

ஏன்? வலப்பக்க விதிதான். அக்டோபருக்குப் பிறகு நீரோட்டம் தெற்கே ஓடுகிறது என்று பார்த்தோம். தெற்கே போகிறவருக்கு வலப்பக்கம் மேற்கு, அதாவது நம் கரை. தண்ணீர் கரைப்பக்கம் சாய்ந்து, கரையோரத்தில் உயர்ந்து நிற்கும். வடகிழக்கிலிருந்து வீசும் வாடையும் மேல் தண்ணீரைத் தன் வலப்பக்கமாக, கரையை நோக்கியே தள்ளும். கூடவே வடக்கு வங்கக் கடலிலிருந்து ஆற்று நீர் கலந்த லேசான தண்ணீர் இறங்கி வருகிறது. லேசான தண்ணீர் அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும். மார்ச்சில் எல்லாம் தலைகீழ்.

இதோடு பௌர்ணமி, அமாவாசை ஏற்றமும், வெளியே நிற்கும் புயலும் சேர்ந்துகொண்டால் பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய் எல்லாம் தேங்கி நிற்கத்தான் செய்யும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் கரைக்கு அருகே மெதுவாக நகர்ந்து, 5ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே கரை கடந்தது. மழையின் அளவு மட்டும் பேசப்பட்டது. தண்ணீர் வடியாததற்கு அடைப்பும் ஆக்கிரமிப்பும் பெரிய காரணம்தான், ஆனால் வடிகால் வடிவமைக்கும்போது மார்ச் மாதக் கடலை வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்பது என் கட்சி.

கடல் தண்ணி எல்லாம் ஒரே உப்புதானே?

உலகச் சராசரி, ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அரபிக் கடலில் 36ஐத் தொடும். வங்கக் கடலின் வடக்கில் தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் 30க்கும் கீழே போய்விடும். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று எல்லாம் இங்கே கொட்டுகின்றன, மழையும் அதிகம்.

உப்பு குறைந்த தண்ணீர் லேசானது, அது பால்மேல் ஆடை மாதிரி மேலேயே படிந்துவிடும். வீட்டில் செய்து பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி அளவுக்கு நல்ல உப்புத் தண்ணீர். மஞ்சள் கரைத்த சாதாரணத் தண்ணீரை ஒரு கரண்டியின் முதுகில் மெதுவாக விடுங்கள். மேலே மஞ்சள் அடுக்கு தனியாக நிற்கும். லேசாக ஊதினால்கூடக் கலக்காது. கடலில் நல்ல காற்றடித்தும் கலக்காமல் நிற்பது இப்படித்தான்.

புயல் எல்லாம் ஏன் நம்ம வங்காள விரிகுடாவுலயே வருது? அரபிக் கடலும் சூடுதானே?

புயலுக்குத் தீனி கடலின் வெப்பம். மேல் தண்ணீர் 26.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அரபிக் கடலிலும் அது உண்டு. ஆனால் புயல் வீசும்போது கடலைக் கலக்கி, கீழிருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்து தன் தீனியைத் தானே கெடுத்துக்கொள்ளும். வங்கக் கடலில் முந்தைய பதிலில் சொன்ன அந்த நன்னீர் அடுக்கு கலக்க விடுவதில்லை. வெயிலின் வெப்பமும் மெல்லிய அடுக்கிலேயே தங்குவதால் அது சீக்கிரம் சூடேறுகிறது. தென்மேற்குப் பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில் புயல் நம் பக்கம் தெம்போடு இருப்பதற்கு இது ஒரு காரணம். பசிபிக் பக்கமிருந்து நகர்ந்து வரும் சுழற்சிகளின் மிச்சம் வங்கக் கடலுக்கு வந்து மறுபடி பலம் பெறுவது இன்னொன்று.

வழக்கமாக வங்கக் கடலில் நான்கு புயல் என்றால் அரபிக் கடலில் ஒன்று என்பார்கள். அண்மைக் காலத்தில் அரபிக் கடல் வேகமாகச் சூடேறி அங்கே பலமான புயல்கள் கூடியிருக்கின்றன.

எல் நினோ வந்தா மழை இல்லன்னு ஒருத்தர் சொல்றாரு, வெள்ளம் வரும்னு இன்னொருத்தர் சொல்றாரு. யாரை நம்புறது?

இருவருமே பாதி சரி. எல் நினோ என்பது பசிபிக் பெருங்கடலின் நடு மற்றும் கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாவது. அப்போது அங்கே மேலெழும் காற்றின் இடம் மாறி, உலகம் முழுக்க மழை இடம் மாறும். இந்தியாவின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை குறைய வாய்ப்பு அதிகம். நமக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழையோ எல் நினோ வருடங்களில் கூடுவதற்கே வாய்ப்பு. 2015 டிசம்பர் வெள்ளம் பலமான எல் நினோ வருடத்தில்தான் வந்தது.

வாய்ப்பு என்று சொன்னதைக் கவனியுங்கள். 2016இல் எதிர்நிலையான லா நினா, வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அதே பருவத்தில்தான் டிசம்பர் 12 அன்று வர்தா புயலும் வந்தது. 2021உம் லா நினா, ஆனால் அந்த நவம்பரில் சென்னை மூழ்கியது. இந்தியப் பெருங்கடலுக்குள்ளேயே மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் மாறி மாறிச் சூடாகும் இன்னொரு ஊசலாட்டமும் உண்டு. 1999இல்தான் அதை விவரித்தார்கள். மேற்குப் பக்கம் சூடாகும் வருடம் நமக்குக் கொஞ்சம் சாதகம். அதனால் ஒரே ஒரு பெயரை வைத்து மழை ஜோசியம் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

ஐஸ் உருகுறதாலதானே கடல் ஏறுது?

பாதிதான். 1971 முதல் 2018 வரை ஏறியதில் ஏறக்குறைய பாதி, கடல் சூடாகி விரிந்ததால். தண்ணீர் சூடானால் பருமன் கூடும், அவ்வளவுதான். மிச்சத்தில் பெரும்பகுதி மலைப் பனியாறுகளும், கிரீன்லாந்து, அண்டார்டிகாவின் நிலத்தின் மேல் கிடக்கும் பனியும். ஆர்க்டிக்கில் மிதக்கும் பனி உருகினால் மட்டம் ஏறக்குறைய மாறாது. ஜூஸ் கடையில் டம்ளர் விளிம்பு வரை இருக்கும் ஐஸ் உருகி வழியாமல் இருப்பதைப் பார்த்தால் போதும்.

1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியது. 2006–2018இல் வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். வேகம் கூடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

2050ல வட சென்னை முழுகிடும்னு வாட்ஸ்அப்ல மேப் வந்துச்சு. வீட்டை வித்துடலாமா?

அந்த வரைபடங்கள் பெரும்பாலும் தரையின் உயரத்தை மட்டும் வைத்து, ஒரு மட்டத்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் நீலமாகப் பூசியவை. 2050க்குள் உலகச் சராசரி உயர்வு, 1995–2014 அளவிலிருந்து, 15 முதல் 29 சென்டிமீட்டர் என்பது ஐநா அறிவியல் குழுவின் கணிப்பு. அந்த அளவில் வட சென்னை மொத்தமும் கடலாகிவிடாது.

அதற்காகச் சும்மாவும் இருக்க முடியாது. ஆயாவின் கேள்விக்குச் சொன்ன அந்த ஒரு அடியை நினைத்துப் பாருங்கள். கணிப்பின் மேல் எல்லை ஏறக்குறைய அதே அளவு. அப்படி ஏறினால், சாதாரண மாதத்திலேயே கடல் இன்றைய நவம்பர் உயரத்துக்குப் பக்கத்தில் நிற்கும், நவம்பரில் அதற்கும் மேலே. முதலில் அடிபடுவது வடிகால், அடுத்து போர்வெல் தண்ணீரில் ஏறும் உப்பு, அப்புறம் எண்ணூர், பழவேற்காடு பக்கத்துத் தாழ்ந்த இடங்கள். வீட்டை விற்பது உங்கள் இஷ்டம். வாங்குகிறவர் உங்கள் தெருவில் நவம்பரில் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கும் என்று கேட்டால் மறைக்காதீர்கள்.

எண்ணூர்ல அனல்மின் நிலையம் சுடுதண்ணி விடுது. கடல் சூடாவுறது அதாலதானா?

கழிமுகத்துக்கு, ஆமாம். குளிரூட்டிவிட்டு வெளிவரும் வெந்நீர் கலக்கும் இடத்தில் தண்ணீர் சூடாகும், இறாலும் நண்டும் மீனும் பாதிக்கும். எண்ணூர்க்காரர்களின் புகார் நியாயமானது.

உலகக் கடலுக்கு, இல்லை. ஆயிரம் மெகாவாட் நிலையம் ஒன்று சுமார் 1,500 மெகாவாட் வெப்பத்தைத் தண்ணீரில் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உலகக் கடல்கள் வருடத்துக்கு வாங்கும் கூடுதல் வெப்பத்தை இப்படி நேரடியாகக் கொடுக்க அத்தகைய நிலையங்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் வேண்டும். அவ்வளவு கிடையாது. கடலைச் சூடாக்குவது குழாயில் வரும் வெந்நீரை விடப் புகைபோக்கியில் போகும் கார்பன் டை ஆக்சைடுதான். எரித்த வெப்பம் அன்றோடு முடிந்தது. வாயு நூற்றாண்டுக் கணக்கில் மேலே நின்று வேலை செய்யும்.

சுனாமியும் கடல் சூடாவுறதாலதானா?

இல்லவே இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி சுமத்ரா அருகே கடலடியில் நடந்த நிலநடுக்கத்தால் வந்தது. நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், அதனால்தான் காலை ஆறரைக்கு அங்கே நடந்தது ஒன்பது மணி வாக்கில் இங்கே வந்துவிட்டது.

ஆழத்துல சூடு போவுதுன்னு சொல்றீங்களே, யாரு இறங்கிப் பார்த்தது?

யாரும் இறங்கவில்லை, மிதவைகள் இறங்குகின்றன. ஆர்கோ என்ற திட்டத்தில் உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 தானியங்கி மிதவைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் வரை இறங்கி, ஏறி வரும்போது வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும். ஒரே இடத்தில் நங்கூரமிட்ட மிதவைகளும் உண்டு. இந்தியாவின் நங்கூர மிதவைகளை நடத்துவது நம் ஊர்ப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். கடலில் அந்த மஞ்சள் மிதவையைப் பார்த்தால் வலை மாட்டாமல், கயிறு கட்டாமல் விலகிப் போங்கள்.

இன்னைக்கே எல்லாரும் புகைய நிறுத்திட்டா கடல் பழையபடி ஆயிடுமா?

காற்றின் வெப்பம் ஏறுவது சில வருடங்களில் ஏறக்குறைய நின்றுவிடும். கடல் மட்டம் நிற்காது. மேல் தண்ணீரில் இருக்கும் வெப்பம் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். துருவங்களுக்கு அருகே குளிர்ந்து, கனத்து, அடிக்கு இறங்கும் தண்ணீர் உலகைச் சுற்றி மீண்டும் மேலே வர ஆயிரம் வருடம் அளவுக்கு ஆகிறது. வெப்பநிலை உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும், அடுத்த 2,000 வருடங்களில் மட்டம் இரண்டு, மூன்று மீட்டர் ஏறும் என்பது கணிப்பு. நிறுத்தாவிட்டால் இதைவிட வேகமாகவும் அதிகமாகவும் ஏறும்.

இதையெல்லாம் படிக்கணும்னா என்ன படிக்கணும்? நீச்சல் தெரியணுமா?

நீச்சல் கட்டாயமில்லை, கணக்கு கட்டாயம். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் எடுங்கள். பிறகு இயற்பியலில் இளங்கலை முடித்து, விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலோ கொச்சியிலோ கடலியல் முதுகலை சேரலாம். பொறியியல் பக்கம் போகிறவர்களுக்குச் சென்னை ஐஐடியில் கடல் பொறியியல் துறை இருக்கிறது. வேலையில் பெரும்பகுதி கணினி முன்னால்தான். ஆராய்ச்சிக் கப்பலில் போகும் வாய்ப்பு வந்தால் முதல் இரண்டு நாள் வாந்தி எடுப்பார்கள். அந்த விஷயத்தில் காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட ஒரு படி முன்னிலை உண்டு.